அடுப்புக்கும் ஓய்வுநாள்



2025ஆம் ஆண்டில் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தது. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் சுதந்திர தினமும் ஒரே நாள். மறுநாள் சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை. அதற்கடுத்து ஆண்டவருடைய நாளாகிய ஞாயிறு. சேர்ந்தாற்போல் மூன்று நாள்கள். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எப்படியோ பேருந்தில் இடம் பிடித்து வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கும் அலைய வேண்டாம், மூன்று நாளும் வீட்டில் நிம்மதியாக இருப்போம் என்பது பல குடும்பங்களின் திட்டம்.

நல்ல திட்டம். பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது. ஆனால் வீட்டில் நிம்மதியாக இருப்பதைப் பற்றி விவிலியம் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகப் பேசுகிறது. அதுவும் மிக நுணுக்கமாக, அடுப்படி வரை வந்து பேசுகிறது. அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ஓய்வுநாள் என்றதும் சீனாய் மலையும் இரு கற்பலகைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இஸ்ரயேல் மக்களுக்கு ஓய்வுநாள் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது அந்த மலையில் அன்று. பத்துக் கட்டளைகள் வருவது விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில். அதற்கு முன்னதாகவே, 16ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் மன்னா பொழியும் நிகழ்ச்சியில் ஓய்வுநாள் வந்துவிடுகிறது. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேகரியுங்கள். சுட வேண்டியதைச் சுட்டுக்கொள்ளுங்கள், வேக வைக்க வேண்டியதை வேக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மறுநாளுக்கு எடுத்து வையுங்கள். ஏழாம் நாளில் யாரும் தம் இடத்தை விட்டு வெளியே போக வேண்டாம் என்று மோசே சொல்கிறார். கவனித்தீர்களா? மனிதர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் ஓய்வுநாள் ஒழுங்கே சமையலைப் பற்றியது. வீட்டில் இரு, நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே சமைத்து வை என்பதுதான் அது.

அதே நூலின் 35ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓய்வுநாளில் உங்கள் குடியிருப்புகளில் எங்கும் நெருப்பு மூட்டக் கூடாது என்கிறது. இதை வெறும் கடுமையான சட்டமாகவே பலர் பார்க்கிறோம். அந்தக் காலத்து வீட்டில் நெருப்பு மூட்டுவது யாருடைய வேலை என்று கேட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். விறகு சேர்த்து, ஊதி, புகையில் கண் எரிந்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் அடிமைகளும். அடுப்பை அணைத்துவிட்டால் வீட்டுத் தலைவர் எவ்வளவு பசித்துக் கத்தினாலும் புதிதாக ஒன்றும் வேகாது. யூதக் குடும்பங்கள் இன்றும் வெள்ளி மாலை பொழுது சாயும் முன்பே சமைத்து, இரவு முழுதும் மெல்லிய சூட்டில் வைத்து, மறுநாள் எடுத்து உண்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஞாயிறு, யூதர்களின் ஓய்வுநாளை ஒருநாள் தள்ளிப் போட்டது அன்று. அது ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். நெருப்பு மூட்டக் கூடாது என்ற சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. தொடக்கக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறையாகக்கூட இருக்கவில்லை. விடியும் முன்பே கூடி வழிபட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். 321ஆம் ஆண்டில்தான் பேரரசர் கான்ஸ்தந்தீன் நகரங்களில் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கினார். அப்போதும் உழவர்களுக்கு விலக்கு இருந்தது; பருவம் தவறினால் பயிர் போய்விடும் அல்லவா! நம் நாட்டில் 1890ஆம் ஆண்டில், நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் போராடி ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. அதே 1891இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வு தொழிலாளரின் உரிமை என்று வலியுறுத்தினார். ஆக, நாம் இன்று சாவகாசமாக அனுபவிக்கும் வார விடுமுறை தானாக வந்ததன்று. யார் யாரோ கேட்டுப் பெற்றது. ஆனால் அந்தச் சட்டங்கள் எல்லாம் ஆலையின் வாசலோடு நின்றுவிட்டன. வீட்டு அடுப்படிக்குள் அவை வரவே இல்லை.

கட்டளை வந்திருக்கிறதா? இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று அங்கே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் அடிமை, உன் அடிமைப்பெண், உன் மாடு, உன் கழுதை, உன் மற்ற கால்நடைகள், உன் ஊருக்குள் வாழும் அந்நியர். மாடும் கழுதையும்கூடப் பெயரோடு வந்துவிட்டன. ஆனால் ஒருவர் மட்டும் இல்லை. மனைவி எங்கே?

இந்தக் கேள்வி விவிலிய அறிஞர்களையும் யோசிக்க வைத்திருக்கிறது. தமிழில் 'நீ' என்றால் அது ஆணா பெண்ணா என்று தெரியாது. எபிரேய மொழியில் தெரியும். அங்கே இருப்பது ஆண்பால் 'நீ'. அதனால் மனைவிக்கு ஓய்வு இல்லை என்று முடிவு கட்டுவது சரியா? சரியன்று. மகளுக்கும் அடிமைப்பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஓய்வு கொடுக்கிற கடவுள், அவர்கள் அனைவருக்கும் சோறு போடும் பெண்ணை மட்டும் விட்டுவிடுவாரா? எபிரேயத்தில் ஆண்பால் ஒருமை பொதுவாக எல்லாரையும் குறிப்பதும் வழக்கம். ஆகவே அந்த 'நீ'க்குள்ளேயே மனைவியும் இருக்கிறார் என்று பல விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இதன் பொருள் சிறியதன்று. கணவர் இரக்கப்பட்டு ஓய்வு கொடுக்க வேண்டியவர்களின் வரிசையில் மனைவி இல்லை. கணவரோடு சேர்ந்து கட்டளையைப் பெறுகிறவர் அவர். ஓய்வெடு என்பது அவருக்கே நேரடியாக இடப்பட்ட கட்டளை.

ஆனால் நடைமுறையில் அந்தப் பட்டியலிலிருந்து நாம் அவரை விட்டுவிட்டோம். 2024ஆம் ஆண்டு நம் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் அவற்றில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். அதாவது அந்த 88 நிமிடம், கொஞ்சமாவது வேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டுமே. விடுமுறை நாளில் இந்த வேறுபாடு குறையும் என்று நினைப்போம். நம் வீடுகளில் நடப்பது வேறு. வார நாளில் பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாட்டு டப்பா கட்டினால் போதும். விடுமுறை என்றால் காலையில் ஆப்பமும் பாயாவும், மதியம் பிரியாணி, நான்கு மணிக்குப் பலகாரம், இரவு சூடாகத் தோசை. ஆண்கள் காலையில் கறிக்கடையில் கால் மணி நேரம் வரிசையில் நின்று பையை நீட்டிவிட்டால் தம் பங்கு முடிந்தது என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் நிம்மதியாக இருக்கும் மூன்று நாள், ஒருவருக்கு மட்டும் ஆண்டின் மிகக் கடினமான மூன்று நாளாகிவிடுகிறது.

இதைத் திருப்பலி நேரத்திலும் பார்க்கலாம். பல பங்குகளில் விடியற்காலைத் திருப்பலிக்குத் தாய்மார்கள் தனியாக வந்துவிட்டு அவசரமாகத் திரும்புவார்கள். மற்றவர்கள் குளித்து, உடுத்தி, நிதானமாக அடுத்த திருப்பலிக்கு வருவார்கள். குடும்பம் முழுதும் ஒரே இருக்கை வரிசையில் அமர்வதைத் தடுப்பது பக்திக் குறைவன்று. அடுப்பில் கொதிக்கும் குழம்பு. திருஅவைச் சட்டம் 1247 ஞாயிறன்று எந்த வேலைகளை விலக்க வேண்டும் என்று சொல்கிறது. வழிபாட்டுக்குத் தடையானவை, ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சியைக் கெடுப்பவை, மனத்துக்கும் உடலுக்கும் தேவையான ஓய்வைப் பறிப்பவை. வயல் வேலை, ஆலை வேலை என்று அங்கே பிரிக்கவில்லை. வீட்டுவேலைக்கு விலக்கும் தரவில்லை. குடும்பத்தின் தேவைகள் ஞாயிறு ஓய்விலிருந்து ஒருவரை விலக்கலாம் என்று மறைக்கல்வி ஏடு 2185ஆம் எண்ணில் சொல்வது உண்மை. கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், படுத்திருக்கும் பாட்டிக்குக் கஞ்சி வைக்க வேண்டும். அவை தேவைகள். நான்காவது வகைப் பொரியல் தேவையா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

இப்போது தாய்மார்கள் ஒரு மறுப்பு வைத்திருப்பீர்கள். "சாமி, ஆறு மாசம் கழிச்சு என் பிள்ளை வர்றான். அவனுக்குப் பிடிச்சதைச் செஞ்சு போடுறதுதான் எனக்குச் சந்தோசம். அதையும் செய்யாதேன்னா எப்படி?" நியாயமான கேள்வி. அந்த மகிழ்ச்சியை யாரும் பறிக்க வேண்டாம். அன்போடு ஆக்கிப் போடுவதில் இறையருள் இருக்கிறது. ஆனால் மகிழ்ச்சியான உழைப்புக்கும் அடிமை உழைப்புக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? விடுதலைப் பயண நூல் ஓய்வுநாளுக்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ எகிப்தைக் காரணம் காட்டுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை மறவாதே என்கிறது. எகிப்தில் இஸ்ரயேலர் கடினமாக உழைத்தார்கள் என்பது மட்டும் அடிமைத்தனம் இல்லை. உழவரும் மீனவரும் எந்நாளும் கடினமாகத்தான் உழைக்கிறார்கள். அவர்களால் வேலையை நிறுத்த முடியவில்லை என்பதே அடிமைத்தனம். மூன்று நாள் வழிபடப் போகிறோம் என்று கேட்டபோது பாரவோன் மறுத்தான். மோசேயும் ஆரோனும் மக்களை வேலை செய்யவிடாமல் ஓய்ந்திருக்கச் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டினான். அங்கே எபிரேய மூலத்தில் வரும் வினைச்சொல்லும் 'சாபாத்து' என்ற ஓய்வுநாளின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மக்களைச் சோம்பேறிகள் என்றும் ஏசினான்.

எனவே தாய்மார்களே, நீங்கள் ஆசையாகச் சமைப்பதில் பிழையில்லை. ஆனால் ஞாயிறு காலை உங்களுக்கு இடுப்பு வலிக்கிறது, இன்று முடியவில்லை என்று சொல்ல உங்களால் முடியுமா? சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? யாராவது எழுந்து அடுப்படிக்குப் போவார்களா, அல்லது முகம் சுளிப்பார்களா? பதில் உங்களுக்குத் தெரியும். மாமியார்களாக இருப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரம் முழுதும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடிய மருமகள் விடுமுறையன்று ஏழு மணி வரை தூங்கினால் அவளுக்கு நாம் வைக்கும் பெயர், அன்றைக்குப் பாரவோன் வைத்த அதே பெயர்.

அந்த வெள்ளியன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, மரியா எலிசபெத்தின் வீட்டுக்குச் சென்றதைச் சொல்கிறது. அதுவும் ஒரு வீட்டில் உறவினர் கூடும் காட்சிதான். மரியா அங்கே மூன்று மாதம் தங்கினார். கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு அவர் பணிவிடை செய்தார் என்று காலங்காலமாகத் தியானித்து வருகிறோம், செய்திருப்பார். ஆனால் லூக்கா அதை எழுதவில்லை. லூக்கா எழுதியிருப்பது வாழ்த்தையும், துள்ளிய குழந்தையையும், இரு பெண்களின் உரையாடலையும், மரியாவின் பாடலையும்தான். அந்த வீட்டில் வாய் பேச முடியாமல் இருந்தவர் குருவாகிய சக்கரியா ஒருவரே! பெண்கள் இருவர் அடுப்பை மறந்து உட்கார்ந்து பேசியதிலிருந்து திருஅவை ஒவ்வொரு மாலையும் பாடும் பாடல் பிறந்தது. நம் வீட்டுப் பெண்கள் கூடும்போது அவர்களுக்கு உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது?

அந்த ஞாயிறு நற்செய்தி, மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்த வீட்டில் குண்டு போடுவது போல இருந்தது. லூக்கா 12ஆம் அதிகாரம். மண்ணுலகில் தீ மூட்ட வந்ததாகவும், அமைதியை அன்று, பிளவையே கொண்டு வந்ததாகவும் இயேசு சொல்கிறார். ஒரே வீட்டில் ஐந்து பேர் இருவருக்கு எதிராக மூவராகப் பிரிவார்களாம். அந்த ஐவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்: தந்தை, தாய், மகன், மகள், மருமகள். தாயும் மாமியாரும் ஒருவரே. பெரியவர் இருவர் ஒருபுறம், இளையவர் மூவர் ஒருபுறம். பிரிவு தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடையே வருகிறது. இயேசு பேசுவது தம்மைப் பின்பற்றுவதால் வரும் பிளவைத்தான். பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டையை அன்று. ஆனாலும் அவரைப் பின்பற்றுவது வீட்டுக்குள் எங்கே தொடங்கும் என்று கேட்டால், பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். மகன் எழுந்து தட்டுகளை எடுத்துக் கழுவப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். "ஆம்பளப் பிள்ளைய வேலை வாங்குறா பாரு" என்று ஒரு குரல் எழும். வீடு அங்கேயே இரண்டாகும். அந்தப் பிளவுக்குப் பயந்து அவன் திரும்பி வந்து உட்கார்ந்தால் வீட்டில் அமைதி இருக்கும். ஆனால் அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் ஒருவரே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், வீட்டுவேலைகளை ஏற்பதால் ஒருவரின் ஆண்மை குறைந்துவிடாது என்று எழுத வேண்டியிருந்தது. உலகத் திருஅவைக்கே அதைச் சொல்ல வேண்டிய நிலை இருக்கிறது. நம் ஊருக்கு மட்டும் இல்லை.

பட்டியலில் வரும் அடிமைப்பெண்ணை மறந்துவிடக் கூடாது. இன்று நம் வீடுகளில் அடிமைகள் இல்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் வருகிற சகோதரிகள் இருக்கிறார்கள். விருந்தினர் வருகிற மூன்று நாளும் அவசியம் வந்துவிடு என்று அவர்களிடம்தான் முதலில் சொல்லி வைக்கிறோம். அவர்கள் வீட்டுக்கும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் பலருக்கும் விண்ணேற்புத் திருவிழா உண்டு. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையில் சொன்னது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இணைச்சட்டமோ, உன்னைப் போலவே அவளும் ஓய்வெடுக்க வேண்டும் என்று அதை எப்போதோ சொல்லிவிட்டது. சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் விடுமுறை கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சமைக்கவே வேண்டாம், கடையிலிருந்து வரவழைத்துக்கொள்வோம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒருவேளைக்குச் செய்யலாம், குற்றமில்லை. ஆனால் அப்போது வேலை மறையவில்லை, கைமாறுகிறது. மழையில் வண்டி ஓட்டி வருகிற தம்பிக்கும் அது ஞாயிறுதான். பிறருடைய ஓய்வைத் தேவையின்றிக் கெடுக்கக் கூடாது என்று மறைக்கல்வி ஏடு 2187ஆம் எண்ணில் நினைவூட்டுகிறது. வாசலில் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீராவது கொடுங்கள்.

அதைவிட எளிய வழி மோசே சொன்னதே. சனிக்கிழமை மாலை எல்லாருமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கட்டும். மாவு அரைத்து வைத்துவிடலாம். புளிக்குழம்பும் மீன் குழம்பும் மறுநாள்தான் ருசி என்பது நமக்குத் தெரியாததா? ஞாயிறன்று சோறு மட்டும் வடித்தால் போதும். அதையும் அப்பா வடிக்கலாம், குழைந்தால் குழையட்டும். பங்கு இல்லத்து அடுப்புக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். மிஞ்சிய நேரம் யாருக்கு? உறவினர், நோயாளர், முதியோர் ஆகியோருக்கு மற்ற நாளில் கொடுக்க முடியாத கவனத்தை ஞாயிறன்று கொடுக்கச் சொல்கிறது திருஅவை. கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வைத்தால் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருப்பது கண்ணில் படும்.

இயேசுவும் ஓர் ஓய்வுநாளில் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறார். கப்பர்நாகூமில் தொழுகைக்கூடம் முடிந்ததும் சீமோன் வீட்டுக்குப் போனார். சீமோனின் மாமியார் காய்ச்சலில் கிடந்தார். இயேசு கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் எழுந்து பணிவிடை செய்தார் என்கிறார் மாற்கு. பார்த்தீர்களா, காய்ச்சல் விட்டதும் அடுப்படிக்குப் போய்விட்டார் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அங்கே மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லையே, மானிடமகன் தொண்டு பெறுவதற்கு அன்று, தொண்டு செய்வதற்கே வந்தார் என்ற இடத்திலும் பயன்படுத்துகிறார். மாமியாரின் கையில் இருந்த வேலையும் மீட்பரின் வேலையும் ஒரே பெயர் பெறுகின்றன. அது பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்த வேலை என்றால், ஆண்டவர் அதைத் தமக்கு எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

உயிர்த்தெழுந்த பின்பு அவர் அதைச் செய்தும் காட்டினார். திபேரியக் கடலில் இரவெல்லாம் வலை வீசிய சீடர்கள் எழுவர் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். 153 மீன்கள் வலையில் இருந்தன. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தது, அதன்மீது மீன் வெந்துகொண்டிருந்தது, அப்பமும் இருந்தது. சாப்பிட வாருங்கள் என்று அழைத்து, எடுத்துப் பரிமாறியவரும் அவரே. நீர் யார் என்று கேட்க அவர்களுள் எவருக்கும் துணிவில்லை என்று எழுதுகிறார் யோவான். அவர் ஆண்டவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.